துப்பாக்கி லைசன்ஸ் கேட்பதற்கு முன்னால் பின்கதவைப் பாருங்கள்

தாமானில், அதாவது நம் குடியிருப்புப் பகுதியில், ஒரு வீட்டில் திருடு போனால், அந்த வாரக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "நாமளும் துப்பாக்கி லைசன்ஸ் எடுத்தா என்ன?" பக்கத்தில் இருப்பவர் உடனே அமெரிக்காவை இழுப்பார். இன்னொருவர், "அங்கே பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க சாகுறது தெரியாதா?" என்பார். அரை மணி நேரம் அதிலேயே போகும். திருடன் எந்த வழியாக உள்ளே வந்தான் என்று மட்டும் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். செந்தூல், ஜிஞ்சாங், கெப்போங் பக்கம் ரோந்து போகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. அதனால் இங்கே சட்டத்தையும் பூட்டையும் சேர்த்தே பார்ப்போம். கோலாலம்பூரில் இரண்டையும் பிரித்துப் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

முதலில் லைசன்ஸ். மலேசியாவில் துப்பாக்கி என்பது போலீஸ் பார்த்துக் கொடுக்கும் அனுமதி. கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கிறது. ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி கொடுப்பதும் மறுப்பதும் போலீஸ் தலைவரின் கையில் இருக்கிறது. இதில் இரண்டு விதமான தாள் உண்டு. லைசன்ஸ் இருந்தால் வைத்திருக்கலாம், எடுத்துப் போகலாம், பயன்படுத்தலாம். பெர்மிட் என்றால் வைத்திருக்க மட்டும்தான். தோட்டத்தில் குரங்கு, பன்றித் தொல்லை உள்ளவர், சங்கத்தில் சேர்ந்து முறையாகச் சுடப் பழகும் விளையாட்டு வீரர், மிரட்டலுக்குப் போலீஸ் புகாரே ஆதாரமாக வைத்திருக்கும் வியாபாரி, பாதுகாவல் நிறுவனம் ஆகியோர் கேட்பதில் ஒரு முகாந்திரம் இருக்கிறது. "எங்க லோரோங்ல (சந்துல) திருட்டு அதிகம்" என்ற காரணத்தோடு போகும் விண்ணப்பம் நகர்வது அரிது. தோட்டத் துப்பாக்கி கையில் இருந்தாலும் காட்டில் வேட்டையாட முடியாது. அதற்கு 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனி உரிமம் வேண்டும்.

காற்றுத் துப்பாக்கிக்கு லைசன்ஸ் தேவையில்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டத்தில் ஆயுதம் என்பதற்குள் அதுவும் அடக்கம். தீபாவளிக்குப் பையனுக்கு என்று இணையக் கடையில் வாங்கும் ஜெல் குண்டுத் துப்பாக்கி நிஜத் துப்பாக்கி போலவே இருந்தால் அதுவும் வம்புதான். போலித் துப்பாக்கி வைத்திருப்பதற்கு அதே சட்டத்தின் 36ஆவது செக்‌ஷனில் ஓராண்டு வரை சிறை, 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

லைசன்ஸ் இல்லாத நிஜத் துப்பாக்கி வேறு உலகம். தாய்லாந்து எல்லையிலிருந்து வாங்கித் தருகிறேன் என்று காதைக் கடிப்பவர் கிடைக்கலாம். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதச் சட்டத்தின் 8ஆவது செக்‌ஷனில் வெறுமனே வைத்திருந்ததற்கே 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. கொள்ளையடிக்கும்போது சுட்டவனுக்கு முன்பு கட்டாயத் தூக்கு. 2023 ஜூலை 4 முதல் அந்தக் கட்டாயம் போய், மரண தண்டனையா, 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் 12க்குக் குறையாத பிரம்படியுமா என்பதை நீதிபதி முடிவு செய்யலாம். சட்டம் தளர்ந்துவிட்டது என்று இதை வைத்துச் சிலர் பேசுகிறார்கள். 30 ஆண்டு என்பது தளர்வா என்று உள்ளே இருப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவைக் காட்டிப் பேசுகிறவரைக் கேலி செய்து உட்கார வைக்கத் தேவையில்லை. அங்கே 1791இல் சேர்த்த இரண்டாவது திருத்தம் ஆயுத உரிமையைச் சொல்கிறது. 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்றது. 2022இல் புரூன் வழக்கில் அந்த உரிமை வீட்டுக்கு வெளியேயும் நீண்டது. ஆனால் ஹெல்லர் தீர்ப்பிலேயே இந்த உரிமை எல்லையற்றது கிடையாது என்றும் எழுதியிருக்கிறார்கள். அதை யாரும் கூட்டத்தில் எடுத்துச் சொல்வதில்லை.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கத்து நகைக்கடைக்காரரின் வாதம் இதைவிடக் கனமானது. "கொள்ளைக்காரன் சட்டத்தைப் பார்த்தா துப்பாக்கி வாங்குறான்? சட்டத்தை மதிக்கிற நான் மட்டும் வெறுங்கையோட நிக்கணுமா?" இதற்கு நேரான மறுப்பு கிடையாது. அவர் சொல்வது உண்மை. ஆனால் துப்பாக்கி உள்ளே வந்ததும் கணக்கு மாறுகிறது. 2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கிப் பாதுகாவலரே கையிலிருந்த துப்பாக்கியால் வங்கி அதிகாரியைச் சுட்டுக் கொன்று பணத்தோடு ஓடினார். அவர் வைத்திருந்த அடையாள அட்டையே போலி. 2016 டிசம்பர் 1ஆம் தேதி பினாங்கு துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் ஒரு மெய்க்காப்பாளர் முதலில் தன் முதலாளியையே சுட்டார். பிறகு சாலையில் இருந்த சம்பந்தமில்லாதவர்களும் சுடப்பட்டார்கள். இரண்டு இடத்திலும் துப்பாக்கி இருந்தது காவலுக்கு நின்றவர் கையில். நகைக்கடைக்கு எங்கள் யோசனை வேறு. ஒரு கதவு மூடினால்தான் அடுத்தது திறக்கும் இரட்டைக் கதவு போடுங்கள். கண்ணாடிப் பெட்டிக்கு டெம்பர்ட் கண்ணாடி வேண்டாம். ஒரே சுத்தியல் அடியில் அது முழுக்க உதிர்ந்துவிடும். லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டும் சட்டகத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சுத்தியலோடு வருகிறவனுக்கு அந்தத் தாமதம் தாங்காது.

சரி, லைசன்ஸே கிடைத்தது என்று வையுங்கள். 1983இல் அமெரிக்கப் போலீஸ்காரர் டென்னிஸ் டுல்லர் ஒரு கணக்குச் சொன்னார்: கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியைச் சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான். இடுப்பில் மாட்டியிருக்கும் துப்பாக்கியை உருவிச் சுடவே பயிற்சி உள்ளவருக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். நம் வரிசை வீட்டில் ஹாலிலிருந்து படுக்கையறைக்கு 21 அடி வராது. துப்பாக்கியோ பூட்டிய பெட்டியில், தோட்டா வேறு இடத்தில். தூக்கக் கலக்கத்தில் சாவியைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சிலம்பம் கற்ற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தைரியம் என்கிறார்கள். கலை நல்ல கலை. மூன்றடி அகல நடையில் நெற்றி உயரக் கம்பைச் சுழற்றிப் பாருங்கள், முதலில் உடைவது சாமி படம்.

அடுத்தது பாராங், அதாவது நீண்ட வெட்டுக்கத்தி. கட்டிலுக்கு அடியில் ஒன்று, காரின் பின்பெட்டியில் ஒன்று என்று வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். இரண்டும் ஒன்று என்று நினைப்பதுதான் ஆபத்து. 1958ஆம் ஆண்டு அபாயகர ஆயுதச் சட்டத்தின் 6ஆவது செக்‌ஷன், பொது இடத்தில் சட்டபூர்வமான காரணம் இல்லாமல் ஆயுதம் கொண்டு செல்வதைப் பிடிக்கிறது. தண்டனை ஐந்தாண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. கீழ்வரம்பைக் கவனியுங்கள், ஐந்தாண்டு. அடித்தால் காயம்பட வாய்ப்புள்ள எந்தப் பொருளும் இதில் ஆயுதம் ஆகலாம். இளநீர் வண்டியில் காய்களோடு கிடக்கும் பாராங் தொழிற்கருவி. இரவு இரண்டு மணிக்கு டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடக்கும் அதே பாராங் ஆயுதம். "தற்காப்புக்கு வச்சேன், சார்" என்று சாலைத் தடுப்பில் சொன்னால், ஆயுதமாகத்தான் வைத்திருந்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. பந்தும் கையுறையும் இல்லாமல் தனியாகக் கிடக்கும் பேஸ்பால் மட்டைக்கும் இதே கதி வரலாம்.

வீட்டுக்குள் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான செக்‌ஷன்கள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. இந்தியக் குற்றவியல் சட்டத்திலும் இதே எண்கள்தான் இருந்தன. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. 97ஆவது செக்‌ஷன் உங்கள் உடலை மட்டுமின்றி பிறர் உடலையும், திருட்டு, கொள்ளை, நாசவேலை, அத்துமீறல் ஆகியவற்றிலிருந்து சொத்தையும் காக்க உரிமை தருகிறது. 100ஆவது, சாவோ கொடுங்காயமோ பாலியல் வன்கொடுமையோ ஆள்கடத்தலோ நேரும் என்ற நியாயமான பயம் இருந்தால் தாக்குபவன் உயிர் போகும் அளவுக்குக்கூட எதிர்க்கலாம் என்கிறது. 103ஆவது சொத்துக்கானது. கொள்ளை, இரவில் வீடு உடைத்தல், குடியிருக்கும் இடத்துக்குத் தீ வைத்தல் போன்றவற்றுக்கு அந்த உச்ச உரிமை உண்டு.

இரவு என்றால் சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை. வீடு உடைத்தல் என்றால் என்ன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 445ஆவது செக்‌ஷன் வழிகளை எண்ணிச் சொல்கிறது: தானே ஒரு வழியை உண்டாக்கி நுழைவது, ஆள் போவதற்கில்லாத வழியில் நுழைவது, சுவரேறிக் குதிப்பது, பூட்டைத் திறப்பது, ஆளைத் தாக்கி அல்லது மிரட்டி நுழைவது, இப்படி. திறந்து கிடக்கும் பின்கதவு வழியாகச் சாதாரணமாக நடந்து வந்தவன் வீட்டை உடைத்தவன் ஆகமாட்டான், அத்துமீறி நுழைந்தவன்தான். அத்துமீறலுக்கு 103இல் கூடுதல் நிபந்தனை உண்டு. சாவோ கொடுங்காயமோ நேரும் என்ற பயம் நியாயமாக இருந்திருக்க வேண்டும். ஆக, பின்கதவில் தாழ்ப்பாள் போட்டிருந்தீர்களா என்பது திருடனை நிறுத்தும் விஷயம் மட்டுமில்லை. பிறகு நீதிமன்றத்தில் நீங்கள் எந்த செக்‌ஷனில் நிற்பீர்கள் என்பதையும் அதே தாழ்ப்பாள் தீர்மானிக்கிறது.

இதற்கெல்லாம் கடிவாளம் 99ஆவது செக்‌ஷன். போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குக் கிரில்லை அறுத்துவிட்டுப் பாராங்கோடு மாடிப்படி ஏறுகிறவனை அடிப்பது தற்காப்பு. அவன் பாராங்கைப் போட்டுவிட்டு வேலி தாண்டி ஓடும்போது தெரு முனை வரை துரத்திப் போய்த் தலையில் அடித்தால், உயிர்பயம் அங்கே முடிந்துபோய்விட்டது. பொருளோடு ஓடுகிறவனைத் துரத்திப் பொருளை மீட்க 105ஆவது செக்‌ஷனில் இடம் இருக்கிறது, ஆனால் அதற்கு வேண்டிய அளவு பலம் மட்டும். பிடித்துக் கட்டிப்போட்டவனை ஆளுக்கு ஓர் உதை கொடுப்பதுதான் நம் தாமான்களில் அடிக்கடி நடப்பது, மிக மோசமாக முடிவதும் அதுதான். கட்டிப்போட்டவனால் யாருக்கும் ஆபத்து இல்லை. அவன் செத்தால் வழக்கு 302 (கொலை) அல்லது 304 (கொலையாகாத மரணம் விளைவித்தல்). உதைத்தவர்களில் பாதிப் பேர் வீடு கொள்ளை போனவரின் உறவினர்கூட இல்லை, சத்தம் கேட்டு வந்தவர்கள். தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பும் சாட்சியச் சட்டம் 105இன்படி குற்றம் சாட்டப்பட்டவர் மேல்தான் விழும். கண்முன் ஜாமீன் கிடைக்காத, போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் செய்தவனைப் பொதுமக்கள் பிடிக்க குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆவது செக்‌ஷன் அனுமதிக்கிறது. பிடித்தால் தாமதிக்காமல் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான் அந்த அனுமதி.

இனி கதவு. வரிசை வீட்டில் பலவீனமான இடம் பின்லோரோங் பக்கத்துச் சமையலறை. முன்பக்கக் கிரில் பளபளப்பாக இருக்கும், பின்பக்கம் உள்ளீடற்ற குழாயில் செய்த பழைய கிரில்லாக இருக்கும். உள்ளீடற்றதைச் சிறிய கிரைண்டர் நொடிகளில் வெட்டும். 12 மில்லிமீட்டர் திடக்கம்பி போட்டால் சத்தமும் நேரமும் கூடும். திருடனுக்கு இரண்டும் ஆகாது. கம்பி இடைவெளி நான்கு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கிரில்லைச் சுவரில் பிடித்திருக்கும் திருகுகள் வெளியிலிருந்து தெரிந்தால் கம்பியை ஏன் வெட்ட வேண்டும்? ஸ்குருடிரைவரே போதும். திருகுத் தலைமேல் வெல்டிங் பொட்டு வைக்கச் சொல்லுங்கள். கொல்லர் மறந்துவிடுவார், நின்று பார்த்து வாங்குங்கள். பூட்டில் பித்தளை உடம்பு பெரிதாக இருப்பதில் பயன் இல்லை. வளையம் 6 மில்லிமீட்டர் என்றால் போல்ட் கட்டருக்கு அது தின்பண்டம். 10 மில்லிமீட்டருக்கு மேல், தோள் மூடிய வகை, கட்டரின் வாய் நுழைய இடம் விடாதது வாங்குங்கள். சறுக்குக் கதவைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி எடுத்துவிடுவார்கள். மேல் தடத்தில் ஒரு திருகை லேசாக இறக்கி வைத்தால் தூக்க முடியாது.

சாவி விஷயத்தில் விளையாடாதீர்கள். திருடனுக்குப் பயந்து எல்லாக் கிரில்லையும் பூட்டி, சாவியை எங்கோ ஒளித்து வைத்து, தீப்பிடித்தபோது வெளியேற முடியாமல் குடும்பத்தோடு சிக்கிக்கொண்டவர்கள் இந்த நாட்டில் உண்டு. தீயணைப்புத் துறை ஓயாமல் சொல்வது இதுதான். கதவுக்குப் பக்கத்தில், கிரில் வழியே கைவிட்டால் எட்டாத தூரத்தில், வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஆணியில் சாவி தொங்க வேண்டும். மாதம் ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு எடுத்துத் திறந்து பாருங்கள்.

பெரிய கேட் திறந்திருக்கும் அந்த இருபது நொடியும் ஆபத்தானது. ஆட்டோ கேட்டைத் தூரத்திலிருந்தே அழுத்தித் திறப்பது வழக்கமாகிவிட்டது. பின்னால் மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு அழுத்துங்கள். சந்தேகம் வந்தால் வீட்டைத் தாண்டிப் போய்ச் சுற்றி வாருங்கள். உள்ளே வந்த பிறகு கேட் முழுக்க மூடும்வரை இன்ஜின் ஓடட்டும், கதவு பூட்டியே இருக்கட்டும். அலாரம் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி மூன்று, நான்கு ஆண்டில் செத்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வருகிறவனுக்கு அதுதான் வசதி. மெயின் சுவிட்சை அணைத்து அலாரம் அலறுகிறதா என்று சோதியுங்கள். சிசிடிவி ரெக்கார்டரை டிவிக்குக் கீழே வைத்தால் டிவியோடு அதுவும் போய்விடும். எல்லாக் கேமராவையும் பத்தடி உயரத்தில் மாட்டினால் தொப்பி உச்சிதான் பதிவாகும். கேட் தூணில் முகம் தெரியும் உயரத்தில் ஒன்று வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் சட்டம் நியாயமாக இல்லை என்பது எங்கள் எண்ணம். மிளகு ஸ்ப்ரே கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிப் போலீஸ் எச்சரித்திருக்கிறது. யாரையும் கொல்லாத, ஓட நேரம் மட்டும் வாங்கித் தரும் ஒரு பொருளைப் பாராங் இருக்கும் கூடையில் போடுவது சரியில்லை. இதை நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும். அதுவரை கையில் வைத்துக்கொண்டு மாட்டிக்கொள்ளச் சொல்ல முடியாது. உரத்த சத்தம் எழுப்பும் சிறிய அலாரத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. நடக்கும்போது சாலையின் வலது ஓரத்தில், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள், பை கடைப் பக்கம் இருக்கட்டும். பையைக் குறுக்கே மாட்டினால் பறிப்பவன் இழுக்கும்போது உடம்பும் சேர்ந்து தரையில் இழுபடும். பத்துமலைக்கும் இரவுக் கோயில் பூசைக்கும் போகும்போது தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு கொடியை வீட்டில் வைத்துவிட்டு வரும் அக்காமார்கள் உண்டு. மாமியார்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

சுதந்திரம் என்று பேசினால் தாமான் வாசலில் இருக்கும் தடுப்புக் கட்டையையும் பேச வேண்டும். பாதுகாப்புச் சந்தா கட்டாதவரும் தன் வீட்டுக்குப் போகும் உரிமை உள்ளவர். வந்தவரின் மைகார்டை (அடையாள அட்டையை) பாதுகாவலர் வாங்கி வைத்துக்கொள்ள அதிகாரம் கிடையாது. எண்ணை எழுதிக்கொள்ளட்டும், வேறு ஏதாவது அட்டை கேட்கட்டும்.

அசம்பாவிதம் நடந்தே விட்டால்: 999ஐ அழைத்துப் போலீஸோடு ஆம்புலன்ஸும் கேளுங்கள். அடிபட்டுக் கிடப்பவன் திருடனே ஆனாலும் கேளுங்கள். நீங்கள் நிறுத்தியதற்கும் காப்பாற்ற முயன்றதற்கும் அந்த அழைப்பு சாட்சி. பாராங்கைக் கழுவாதீர்கள், நகர்த்தாதீர்கள். சாட்சியாக வாக்குமூலம் கேட்டால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது செக்‌ஷன்படி உண்மையைச் சொல்ல வேண்டும், ஆனால் உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் மறுக்கலாம். கைதானால் உறவினருக்குச் சொல்லவும் வழக்கறிஞரைப் பார்க்கவும் அதே சட்டத்தின் 28ஏ செக்‌ஷன் உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கொலை விசாரணை என்றால் தடுப்புக் காவல் முதலில் ஏழு நாள், பிறகு இன்னும் ஏழு நாள் வரை போகும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாத மலேசியர்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் இந்தக் கட்டத்தில் இலவசமாக ஆள் அனுப்புகிறது. கேட்டால்தான் வரும். சிசிடிவி பதிவைக் கொடுக்கும்போது ரெக்கார்டர் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்பின் ஓடுகிறது என்று புலன் விசாரணை அதிகாரியிடம் அப்போதே சொல்லி எழுத வையுங்கள். அறுத்த கிரில்லையும் உடைந்த தாழ்ப்பாளையும் போலீஸ் படமெடுத்து முடிக்கும்வரை பூட்டுக்காரரைக் கூப்பிட வேண்டாம். வீட்டை உடைத்துத்தான் நுழைந்தான் என்பதற்கு உங்களிடம் இருக்கும் முதல் சாட்சியம் அந்தத் தாழ்ப்பாள்தான்.